பூட்டில்லாச் சாவி

கல்யாண வீட்டில் மணமக்களைவிட முக்கியமான ஆள் ஒருவர் உண்டு. யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாத ஆள். பத்து வீடு ஏறி இறங்கினால் ஒன்பது வீட்டில் அப்படி ஒருவர் இருப்பார். பத்தாவது வீட்டில் அவரே வந்து கதவைத் திறப்பார். இதைக் கண்டுபிடித்துத்தான் நாற்காலிக்காரி பிழைத்தாள்.

நாற்காலிக்காரி என்பது புருஷன் விட்டுப்போன பெயர். அவன் நாற்காலிகளை வாடகைக்கு விடுகிறவன். தள்ளுவண்டியில் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு போவான். ஒரு நாள் மேட்டில் வண்டியைத் தள்ளும்போதே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஊருக்கெல்லாம் உட்கார நாற்காலி கொடுத்தவன், செத்தது ரோட்டில் உட்கார்ந்து. அவளுக்கு மிஞ்சியது இடுப்பில் ஒரு மகளும், கால் ஆடுகிற மடக்கு நாற்காலிகளும்தான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அந்த நாற்காலிகளிலேயே உட்கார்ந்து, "இனிமே என்ன பண்ணப்போறே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். போகாமல் இருந்தவள் அக்கா ஒருத்திதான்.

அக்கா தையல்காரி. கல்யாணமும் வேண்டாம், ஒருத்தனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம் என்று தையல் மெஷினோடு குடித்தனம் நடத்தியவள். வாயைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அதனால் மைக்செட் என்று பெயர். மனசில் ஒன்று, வாயில் ஒன்று என்று வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. மனசில் இருக்கிறதெல்லாம் வாய் வழியாகத்தான் அவளுக்கே தெரியவரும்.

"துருப்பிடிச்ச நாற்காலிக்கு எவண்டி வாடகை குடுப்பான்?" என்றாள் மைக்செட். "சட்டை தச்சு மாட்டி விடுவோம். குளிக்காத பயகூட நல்ல சட்டை போட்டா மாப்பிள்ளை மாதிரிதான் இருப்பான்."

பழைய திரைச்சீலைகளை வாங்கி வெட்டி, வெளுத்து, நாற்காலிக்கு உறை தைத்தாள். கொல்லைக் குழாயடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து உறைகளைத் துவைப்பார்கள். உள்ளே இருக்கிற துரு யாருக்கும் தெரியாது. வெள்ளை வெளேரென்று வரிசையாக நிற்கும். பார்த்தவர்கள் கேட்டார்கள். நாற்காலியோடு மேடைக்குத் துணி கட்டினார்கள். துணியோடு பூ வந்தது, பூவோடு விளக்கு, விளக்கோடு சமையல்காரர், படம் பிடிக்கிறவர், பத்திரிகை அடிக்கிறவர். எவன் சொன்ன நேரத்துக்கு வருவான், எவன் படுக்கையில் கிடந்துகொண்டே "பாதி வழி வந்துட்டேன்" என்பான் என்பதெல்லாம் நாற்காலிக்காரிக்கு அத்துப்படி.

பழைய பேட்டரிக் கடை ஒன்றைப் பிடித்து ஆபீஸ் ஆக்கினார்கள். தரையெல்லாம் ஆசிட் தின்ற ஓட்டை. அதன்மேல் நாற்காலிக்காரி கம்பளம் விரித்தாள். பலகை வைத்து நடுவில் தடுத்தாள். முன்னால் சோபா, படப் புத்தகங்கள். பின்னால் அக்காவும் மெஷினும். அப்புறம் ஏசி மாட்டினார்கள். குளிர்ச்சி பலகை வரைக்கும்தான். பின்பக்கம் ஒரு டேபிள் ஃபேன் ஓடியது. அக்கா அதற்கும் சிரித்தாள். "முன்னாடி இருக்கறவ ஐஸாகட்டும். நான் வெந்துபோறேன். ரெண்டும் சேர்ந்தா பதமா இருக்கும்டி."

சாவி விஷயம் தொடங்கியது ஒரு மாமாவால். அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு அவர் மாமா. கொஞ்சம் உள்ளே இறங்கிவிட்டால் போதும், மைக்கைப் பிடித்துக் குடும்பத்து வண்டவாளத்தையெல்லாம் தண்டவாளத்தில் ஏற்றிவிடுவார். பெண்ணின் அப்பா நாற்காலிக்காரியின் காலில் விழாத குறை. அவள் தன் கைப்பையைத் துழாவினாள். எப்போதோ விற்றுவிட்ட அலமாரியின் சாவி ஒன்று அகப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனாள்.

"அண்ணே, பின்னாடி ரூம்ல விலை ஒசந்த சாமானெல்லாம் இருக்கு. பூட்டியாச்சு. ஆனா வாசல்ல ஒரு ஆள் வேணும். உங்களை விட்டா நம்பிக்கையான ஆள் எனக்கு இல்ல."

மாமா சாவியை வாங்கினார். நெஞ்சை நிமிர்த்தினார். கல்யாணம் முடிகிற வரைக்கும் ஒரு சொட்டுக் குடிக்கவும் இல்லை, அந்த வாசலை விட்டு நகரவும் இல்லை. அறைக்குள் இருந்தது காலி அட்டைப்பெட்டிகள்.

அன்றிலிருந்து அதுவே அவள் தொழிலின் ரகசியம். பூவும் விளக்கும் எவன் வேண்டுமானாலும் செய்வான். "எங்க வீட்ல ஒருத்தர் இருக்காரு..." என்று வீட்டுக்காரர்கள் குரலைத் தாழ்த்தினால், "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்ல இவளால்தான் முடியும். திக்குகிற தம்பி, கடனாளிச் சித்தப்பா, சாப்பிடும்போது உறிஞ்சுகிற அத்தை, வேலைக்காரி என்று நினைத்துவிடுவார்களோ என்று மகனே பயப்படுகிற தாய். எல்லோருக்கும் ஒரு சாவி. பழைய இரும்புக் கடையில் ஒரு கொத்தே வாங்கி வைத்திருந்தாள். அக்கா தங்கைக்குள்ளே அதற்கென்று ஒரு பேச்சே உண்டு. "அவருக்குச் சாவி குடுத்தாச்சா?" என்பார்கள்.

சாவியைக் கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் அக்காதான். அவள் குரலில் சொன்னால் பட்டம் கொடுக்கிற மாதிரி இருக்கும். இன்னொன்றும் செய்வாள். பந்தி தொடங்குமுன் சமையல்காரரிடம் முதல் தட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போவாள். "முன்னாடி உட்கார்ந்திருக்கறவன் தானா சாப்பிட்டுக்குவான். இவங்களை யாருடி கூப்பிடுவா?" என்பாள். சாவிக்காரர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கதையடித்துவிட்டு வருவாள். நாற்காலிக்காரி அதையெல்லாம் கவனித்ததில்லை. அவளுக்கு மேடையைக் கவனிக்கவே கண் போதாது.

மகள் வளர்ந்தாள். நாற்காலி உறைகளுக்குள் ஒளிந்து விளையாடி, பெரியம்மாவின் மெஷினடியில் தூங்கி வளர்ந்தவள். அவளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தது. கட்டடச் சாமான் மொத்த வியாபாரம். சம்பந்தியம்மா ஆபீசுக்கே பெண் பார்க்க வந்து சோபாவில் உட்கார்ந்தாள். ஏசிக் காற்றில்கூட அவள் தலையில் ஒரு மயிர் அசையவில்லை.

"பொண்ணோட அப்பா என்ன பண்ணிட்டிருந்தாருங்க?"

நாற்காலிக்காரி கண் சிமிட்டாமல் சொன்னாள். "ஃபர்னிச்சர் கம்பெனி வெச்சிருந்தாருங்க."

பலகைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. பிறகு ஓடியது.

அவர்கள் போனதும் அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, தள்ளுவண்டி எப்படி கம்பெனி ஆச்சு? சக்கரம் இருந்ததாலயா?"

"சும்மா இரு அக்கா. புள்ள வாழ்க்கை."

"நான் சும்மாதான் இருக்கேன். செத்தவன் காதுல விழுந்திருந்தா எந்திரிச்சு வந்திருப்பான், கம்பெனியைப் பார்க்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் போயிற்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. இனி பயமெல்லாம் அந்தச் சிரிப்பின்மேல்தான். அக்கா ஒரு பேச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். கெட்ட எண்ணத்தால் இல்லை. தள்ளுவண்டியைச் சொல்வது ஒரு குறை என்றே அவளுக்குத் தோன்றாது.

கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தியம்மாவும் தனியாக வந்து குரலைத் தாழ்த்தினாள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் இருக்கிறாராம். பேச்சு சரியில்லையாம், உடுப்பும் சரியில்லையாம். பெரிய மனிதர்கள் வருகிற இடமாம். "நான் பார்த்துக்கறேன்" என்றாள் நாற்காலிக்காரி. வாய் பழகின பேச்சு.

கல்யாணத்தன்று அக்கா விடிந்ததும் வந்துவிட்டாள். மணப்பெண் உடுப்பைத் தைத்தவள் அவள்தான். தனக்கும் ஒன்று தைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் தைத்தவள் தனக்கென்று புதுத் துணி வெட்டியதை யாரும் பார்த்ததில்லை. நல்ல ஆழ்ந்த நீலம். முன்வரிசை முதல் நாற்காலியில் உட்கார்ந்து, தானே தைத்த உறையைத் தடவிப் பார்த்தாள்.

"எப்படிடி இருக்கேன்? பொண்ணோட பெரியம்மான்னு சொன்னா நம்புவாங்களா, இல்ல பொண்ணுன்னே நினைச்சுக்குவாங்களா?"

வாசலில் கார்கள் வந்து நின்றன. சம்பந்தியம்மா இறங்கினாள். பின்னாலேயே பெரிய மனிதர்கள். அக்கா அவர்களை வரவேற்க எழுந்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

நாற்காலிக்காரியின் கை தன்னால் பைக்குள் போயிற்று.

மகள் கேட்டுச் செய்தாளா? இல்லை. சம்பந்தி சொல்லிச் செய்தாளா? அதுவும் இல்லை. அக்காவைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானாகத்தான் செய்தாள்.

"அக்கா, பின்னாடி ரூம்ல விலை ஒசந்த சாமானெல்லாம் இருக்கு. பூட்டியாச்சு. ஆனா வாசல்ல ஒரு ஆள் வேணும். உன்னை விட்டா நம்பிக்கையான ஆள் எனக்கு இல்ல."

கூப்பிட்ட முறையைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. வேறு மாதிரி சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அக்கா சாவியைப் பார்த்தாள். தங்கச்சியைப் பார்த்தாள். அந்தச் சாவியை எத்தனை கைகளில் அவளே வைத்திருப்பாள்! கையை நீட்டினாள்.

"குடுங்க."

வாங்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். நீல உடுப்பு திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்தது. அந்த "ங்க" நாற்காலிக்காரியின் காதில் விழுந்தது. அதைப் பற்றி நினைக்க நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பல்லைக் காட்டியபடி கார்களிடம் ஓடினாள்.

கல்யாணம் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. விளக்கு எரிந்தது, மைக் கரகரக்கவில்லை, பூ வாடவில்லை. காலியாக நின்ற முதல் நாற்காலியில் யாரோ ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்துகொண்டார். மேடையில் மகள் கழுத்தை நீட்டி நீட்டி யாரையோ தேடினாள். குடும்பப் படம் எடுக்க அம்மா பக்கத்தில் வந்து நின்றதும் உதடு அசையாமல் கேட்டாள்.

"பெரியம்மா எங்கம்மா?"

"வேலையா இருக்கா."

மகள் அம்மாவின் கைப்பையைப் பார்த்தாள். இந்தத் தொழிலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் அவள்.

"அம்மா, பெரியம்மாவுக்குச் சாவி குடுத்துட்டியா?"

"கேமராவைப் பார்த்துச் சிரி" என்றாள் நாற்காலிக்காரி.

அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அதில் அம்மா மட்டும்தான் சிரிக்கிறாள்.

பந்தி முடிந்தது. சம்பந்தியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு குறை சொல்ல முடியாதுங்க" என்றாள். நாற்காலிக்காரிக்குத் தலை கால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் தோளில் துண்டோடு வந்து நின்றார்.

"ஏம்மா, மைக்செட்டம்மா எங்கே? எப்பவும் பின்னாடி ஆளுங்களுக்குன்னு முதல் தட்டை வாங்கிட்டுப் போவாங்களே, இன்னிக்கு வரவே இல்ல? நானும் எடுத்து வெச்சு எடுத்து வெச்சுப் பார்த்தேன்."

நாற்காலிக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னால் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற ஆளையே பின்னால் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. இனி யார் கொண்டுபோவார்கள்? மண்டபம் கொள்ளாத கூட்டம் தின்று ஏப்பம் விட்டுக் கை கழுவிவிட்டது. எல்லாவற்றையும் யோசிக்கிறவள் என்று பேர் வாங்கியவளுக்கு இது ஒன்று யோசனையில் வரவில்லை.

இரண்டு தட்டுகளில் ஆறிப்போனதைப் போட்டு வாங்கிக்கொண்டு நடந்தாள். மண்டபத்துக்குப் பின்னால் நீளமான நடை. அடுக்கிய பெட்டிகள், தண்ணீர் டிரம்கள், மங்கிய பல்பு. எதிரெதிர் வாசல்களில் இரண்டு நாற்காலிகள். உறை போடாத துரு நாற்காலிகள். பின்பக்கத்துக்கு உறை எதற்கு என்று அவள்தான் விதி வைத்திருந்தாள். ஒன்றில் அக்கா. அவள் நீல உடுப்பின் தோளில் துருக்கறை. இன்னொன்றில் மாப்பிள்ளையின் சித்தப்பா. யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு, பொத்தான் திணறியது. மடியில் சாவி. அதைக் குஞ்சுப் பறவையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார்.

அவளைக் கண்டதும் அவர் துள்ளி எழுந்தார். "யாரும் வரலம்மா. ஈ எறும்பைக்கூட விடல. எங்க அண்ணிகிட்ட சொல்லிடுங்க."

"சாப்பிடுங்கண்ணே" என்று ஒரு தட்டை நீட்டினாள்.

"முதல்ல இந்தம்மாவுக்குக் குடுங்க. காலைலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல. ஆனா என்னைச் சிரிக்க வெச்சே பசியை மறக்கடிச்சிட்டாங்க. நானும் எங்க அண்ணனும் பஞ்சர் ஒட்டின கதையைச் சொன்னேனா, இவங்க தள்ளுவண்டிக் கதையைச் சொல்றாங்க. வயிறு வலிக்குதும்மா!" சிரித்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அண்ணி என்னை நம்பி ஒரு பொறுப்பைக் குடுத்தது இதுதான் முதல் தடவை. வீட்ல என்னை ஒரு விசேஷத்துக்கும் கூப்பிடமாட்டாங்க."

அக்கா அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். "அவருக்கு முதல்ல குடுங்க."

நாற்காலிக்காரி அக்காவை ஓரமாக அழைத்தாள். "அக்கா, வா. மேடைக்கு வா. புள்ள உன்னைத்தான் தேடறா."

அக்கா பதில் சொன்னாள். அவளுக்கு இத்தனை சன்னமான குரல் உண்டு என்பது கூடப் பிறந்தவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

"நான் எந்திரிச்சு வந்துட்டா, அவர் கையில இருக்கறது என்னன்னு அவருக்குத் தெரிஞ்சு போயிடும். காலைலேர்ந்து அந்த மனுஷன் எவ்வளவு சந்தோஷமா இருக்காரு பார்த்தீங்களா? இருக்கட்டும். முடியட்டும்."

"அப்ப ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போய்? அவங்க அண்ணி மூஞ்சி போற போக்கை அவர் பார்க்கணுமா? நீங்க போங்க. முன்னாடி தேடுவாங்க."

அப்போதாவது அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். யார் மூஞ்சி எப்படிப் போனால் என்ன என்று முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கலாம். ஆனால் சம்பந்தியம்மா நாற்காலிக்காரியைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. போய்விட்டாள். கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். அந்த ஒரு நொடியை நினைத்தால்தான் அவளுக்கு இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வரும்.

மறுநாள் அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தாள். மெஷின் ஓடியது. சண்டை இல்லை, அழுகை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. "ங்க" மட்டும் போகவில்லை. "சரிங்க." "உறை தச்சாச்சுங்க." "நாளைக்கு லாரி வருதுங்க." வந்த வாடிக்கையாளர் ஒருவர், "முதலாளிக்கு என்ன மரியாதை குடுக்கறாங்க பாருங்க" என்று மெச்சினார். நாற்காலிக்காரிக்கு ஏசிக் காற்றிலும் வியர்த்தது.

ஒரு திட்டு வாங்கிவிட்டால் போதும் என்று ஏங்கினாள். வேண்டுமென்றே நல்ல துணியைக் குறுக்கே வெட்டி வைத்தாள். முன்பானால், "கண்ணை எங்கேடி அடகு வெச்சே?" என்று கூரை பறந்திருக்கும். அக்கா துணியை விரித்துப் பார்த்தாள். "பரவாயில்லைங்க. சின்ன உறைக்கு ஆகும்" என்றாள்.

பயந்தது என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா வீட்டுக்குப் போய்த் தள்ளுவண்டிக் கதையை ஒப்பித்துவிட்டார். சம்பந்தியம்மா கொஞ்ச நாள் உர்ரென்று இருந்தாள். அப்புறம் அவளே போன் போட்டு, "விடுங்க, எங்க வீட்டுக்காரரும் டியூப்ல எச்சில் தடவி ஓட்டை தேடினவர்தானே" என்றாள். பொய் இத்தனை லேசாக உதிர்ந்துபோகும் என்று தெரிந்திருந்தால் சொல்லியே இருக்கமாட்டாள். இதற்காகவா அக்காவைக் கொண்டுபோய் அந்த நடையில் உட்கார வைத்தோம் என்று நினைத்து நினைத்துக் குறுகிப்போனாள். மகள் வாரா வாரம் வருவாள். வந்தால் பலகைக்குப் பின்னால்தான் உட்காருவாள். அங்கே இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். இவள் உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும்.

அப்புறம் ஒரு நாள் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று வந்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு அந்த அம்மாள் சோபாவில் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க வீட்ல ஒரு அத்தை இருக்காங்க. நீங்க ஏதோ சாவி குடுத்து..."

"அது இப்ப எங்ககிட்ட இல்லைங்க" என்றாள் நாற்காலிக்காரி. "அத்தையை முதல் வரிசையில உட்கார வைங்க. அதுக்கு மனசில்லைன்னா வேற ஆளைப் பாருங்க."

அந்த அம்மாள் வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கே நாற்காலிக்காரி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடைத் தராசில் போட்டுவிட்டு வந்தாள். வந்ததும் நேரே பலகைக்குப் பின்னால் போய் நின்றாள். டேபிள் ஃபேன் அனல் காற்றை அள்ளி வீசியது.

"சாவிங்களையெல்லாம் இரும்புக்குப் போட்டுட்டேன் அக்கா."

மெஷின் நின்றது. அக்கா நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் தேடினாள் தங்கச்சி. கிடைக்கவில்லை.

"எல்லாம் இல்லைங்க" என்றாள் அக்கா. "ஒண்ணு குறையும்."

அவள் கழுத்தில் எப்போதும் நாடாவில் கோத்த கத்தரி தொங்கும். அதைத் தூக்கிக் காட்டினாள். கத்தரியோடு அந்தச் சாவியும் தொங்கியது. தேய்ந்து பளபளவென்று இருந்தது.

"குடுத்துடு அக்கா. அதையும் போட்டுடறேன்."

"வேணாங்க. நம்பிக் குடுத்தது. என்கிட்டயே இருக்கட்டும்."

குனிந்து துணியை வெட்டத் தொடங்கினாள். கத்தரியும் சாவியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. முன்னறையில் யார் வந்து எந்தக் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருந்தாலும் நாற்காலிக்காரிக்கு அந்தச் சத்தம் கேட்டுவிடும். பேச்சை நிறுத்திவிட்டு ஒரு நொடி, ஓட்டைகளை மறைத்துக் கிடக்கிற கம்பளத்தைப் பார்ப்பாள்.